பள்ளத்தாக்கில் புதிய வீடமைப்பு வருகிறதா? பினாங்கு மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங், ரெலாவ், சுங்கை ஆரா ஆகிய குடியிருப்புகளில் குன்றடிவாரத்தில் அறிவிப்புப் பலகை எழும்போதெல்லாம் அதே சந்தேகங்கள்தான் எழுகின்றன. குடியிருப்பாளர் கூட்டங்களிலும் கோவில் நிர்வாகக் கூட்டங்களிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால்.

பள்ளத்தாக்கில் கட்டுறதுக்கும் சமதரையில கட்டுறதுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

பள்ளத்தாக்கில் தண்ணீருக்குப் போக்கிடம் ஒன்றுதான். மூன்று பக்கமும் குன்று இருந்தால், அங்கே விழும் மழை முழுவதும் நடுவில் ஓடும் ஓடைக்கு வந்தே தீரும். பினாங்குத் தீவில் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு சுங்கை பினாங்கு. ஆயர் ஈத்தாம் ஆறும், பாயா தெருபோங் பக்கமிருந்து வரும் டொண்டாங் ஆறும், தண்ணீர்மலைப் பக்கமிருந்து இறங்கும் ஆயர் தெர்ஜுன் ஆறும் ஒன்றுசேர்ந்து ஜார்ஜ்டவுன் வழியாகக் கடலுக்குப் போகின்றன. இந்த வடிநிலத்தின் பரப்பு சுமார் 51 சதுர கிலோமீட்டர்தான். ஆறு நீளமில்லை, குன்றோ செங்குத்து. அதனால் மேலே பெய்த மழை வெகு விரைவில் நகருக்குள் வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கடலில் ஓதம் ஏறியிருந்தால் ஆற்றுநீர் வெளியேற முடியாமல் பின்வாங்கும்.

மண்ணும் அப்படித்தான். தீவின் குன்றுகள் கருங்கல்லால் ஆனவை. வெப்பமும் மழையும் சேர்ந்து அந்தக் கல்லின் மேற்பகுதியை ஆழமாகச் சிதைத்து மணலும் களியும் கலந்த மண்ணாக்கிவிட்டன, இடையிடையே பெரிய உருண்டைப் பாறைகளும் புதைந்து கிடக்கும். வேர் பிடித்திருக்கும்வரை இந்த மண் நிற்கும். தோலுரித்துவிட்டால் கரையும்.

மரத்தை வெட்டினா கீழே வெள்ளம் வரும்னு சொல்றாங்க. உண்மையில எவ்வளவு தண்ணி கூடும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பொறியாளர்கள் பயன்படுத்தும் எளிய சூத்திரம் இது: ஓட்டக் குணகம் (பெய்த மழையில் மண்ணில் இறங்காமல் ஓடிவரும் பங்கு), மழையின் வேகம் (மணிக்கு மிமீ), பரப்பு (ஹெக்டர்) மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை கனமீட்டர் நீர் வரும் என்று தெரியும். 10 ஹெக்டர் காட்டுச் சரிவில் மணிக்கு 100 மிமீ வேகத்தில் மழை பெய்கிறது என்று வையுங்கள். காட்டுக்குக் குணகம் 0.3 என்றால் விநாடிக்கு 0.83 கனமீட்டர். அதே இடத்தில் அடுக்குமாடியும் தார்ச்சாலையும் வந்து குணகம் 0.8 ஆனால் 2.22 கனமீட்டர். இரண்டரை மடங்குக்கும் மேல்.

உண்மையில் இதைவிடவும் கூடும். கான்கிரீட் கால்வாயில் தண்ணீர் வேகமாக ஓடுவதால் எல்லா மூலைகளின் நீரும் ஒரே நேரத்தில் கால்வாய் முடியும் இடத்துக்கு வந்து சேர்கிறது. குறுகிய நேரக் கனமழை, முன்பு காடு உறிஞ்சித் தாமதப்படுத்திய மழை, இப்போது அப்படியே உச்ச வெள்ளமாகிறது.

குன்றுநிலம்னா எது? யாரைக் கேட்டாலும் 76 மீட்டர், 25 டிகிரின்னு சொல்றாங்க.

பினாங்கு மாநிலக் கொள்கைப்படி கடல்மட்டத்துக்கு மேல் 76 மீட்டருக்கு (250 அடி) மேலுள்ள நிலமும், 25 டிகிரிக்கு மேல் சரிவுள்ள நிலமும் மேம்பாட்டுக்கு உகந்தவை அல்ல. இதோடு 1960-ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அரசிதழில் 'குன்றுநிலம்' என்று அறிவிக்கப்பட்ட மனைகள் தனி. அவற்றில் நில உரிமையாளரே ஆனாலும் நில அலுவலக அனுமதியில்லாமல் காட்டை அழிக்கவோ மண்ணைத் தோண்டவோ முடியாது. ஆகவே ஒரு மனையைப் பற்றி இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: உயரமும் சரிவும் என்ன, அரசிதழில் அறிவிக்கப்பட்டதா.

ஒன்றைக் கவனியுங்கள். ஆயர் ஈத்தாம் பள்ளத்தாக்கின் தரைமட்டம் தாழ்வானது. அதனால் குன்றின் கீழ்ப்பாவாடை 76 மீட்டருக்குள்ளேயே அடங்கிவிடும். அங்கே 20 டிகிரிச் சரிவில் கட்டுவது இந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை. ஆனால் அந்த அடிவாரத்தை வெட்டினால் மேலே தொடாமல் விட்ட குன்றுக்குத் தாங்கல் போய்விடும். கோட்டுக்குக் கீழே இருப்பதால் ஆபத்தில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

எங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற சரிவு 25 டிகிரியான்னு நாங்களே பார்க்க முடியுமா?

தோராயமாக முடியும். கிடையாக 10 மீட்டர் போகும்போது 4.7 மீட்டர் ஏறினால் 25 டிகிரி, 7 மீட்டர் ஏறினால் 35 டிகிரி. திட்ட வரைபடத்தில் சம உயரக் கோடுகள் இருக்கும். 1:1000 அளவில் 5 மீட்டர் இடைவெளிக் கோடுகள் என்றால், இரண்டு கோடுகளுக்கு நடுவே 11 மிமீ-க்கும் குறைவாக இருக்கும் இடமெல்லாம் 25 டிகிரிக்கு மேல். ஓர் அளவுகோல் போதும்.

தவறு நடக்கும் இடம் சராசரி. 'மனையின் சராசரிச் சரிவு 18 டிகிரி' என்று அறிக்கை சொன்னால், பாதி நிலம் சமமாகவும் மீதி 35 டிகிரியாகவும் இருக்கலாம். சரிவை 15-க்குள், 15–25, 25–35, 35-க்கு மேல் என நான்கு வகுப்பாக நிறமிட்ட வரைபடத்தைக் கேளுங்கள். கட்டடங்களும் சாலையும் எந்த நிறத்தின்மேல் விழுகின்றன என்பதுதான் கேள்வி. அந்த வரைபடம் நிலத்தின் இன்றைய அளவெடுப்பில் வரையப்பட்டதா, பழைய வரைபடத்தில் இருந்து எடுத்ததா என்றும் பாருங்கள்.

இ.ஐ.ஏ. எல்லாத் திட்டத்துக்கும் கட்டாயமா?

இல்லை. 1974 சுற்றுச்சூழல் தர சட்டத்தின் 34ஏ பிரிவும் 2015 ஆணையும் எந்த வகை வேலைகளுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தேவை என்று பட்டியலிடுகின்றன. பட்டியல் இரண்டு. 25 முதல் 35 டிகிரி வரையுள்ள சரிவு நிலத்தில் பாதிக்குக் குறைவாக வெட்டினால் முதல் பட்டியல், பாதியோ அதற்கு மேலோ வெட்டினால் இரண்டாம் பட்டியல். 35 டிகிரியும் அதற்கு மேலும் உள்ள சரிவைக் கடந்து சாலையோ சுரங்கமோ பாலமோ போட்டாலும் இரண்டாம் பட்டியல்தான். இரண்டாம் பட்டியல் திட்டங்களின் அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். முதல் பட்டியலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

அதனால்தான் முந்தைய பதிலில் சொன்ன நிறமிட்ட வரைபடம் முக்கியம். பாதியைத் தாண்டுகிறதா இல்லையா என்பதே உங்களுக்கு அறிக்கை கண்ணில் படுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

அறிக்கை கிடைச்சது, ஆனா நூற்றுக்கணக்கான பக்கம். எதைப் பார்க்கணும்?

பறவைப் பட்டியலில் தொடங்க வேண்டாம். முதலில் மண்வேலைத் திட்டத்தைப் பாருங்கள்: எத்தனை கனமீட்டர் வெட்டு, எத்தனை கனமீட்டர் நிரப்பு. வெட்டு மிகுதியாக இருந்தால் மிச்ச மண் லாரியில் உங்கள் சாலை வழியாக எங்கோ போகப் போகிறது. எங்கே என்று எழுதியிருக்கிறதா? ஒரு லாரி ஏறக்குறைய 10 கனமீட்டர் ஏற்றும் என்று வைத்துக்கொண்டு வகுத்தால் எத்தனை நடை என்று தெரிந்துவிடும்.

அடுத்தது அரிப்பு, வண்டல் கட்டுப்பாட்டுத் திட்டம். கட்டம் கட்டமாக வரைந்திருக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு எப்படி இருக்கும் என்ற ஒரே படம் மட்டும் இருந்தால் அது பயனற்றது, ஏனென்றால் சேதம் நடப்பது நடுவில்தான். மூன்றாவது, நீரியல் கணக்கு: மேம்பாட்டுக்கு முன்பும் பின்பும் உச்ச ஓட்டம் எவ்வளவு, எந்த இடத்தில் கணக்கிட்டார்கள். திட்ட எல்லையோடு நிறுத்தியிருந்தால் கீழே உள்ள பழைய குழாய்ப் பாலம் தாங்குமா என்பதை யாரும் பார்க்கவில்லை என்று பொருள். நான்காவது, கண்காணிப்பு அட்டவணை. எந்த இடத்தில், எத்தனை நாளுக்கு ஒருமுறை, யார் அளப்பார்கள் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

வேலை தொடங்கினா முதல்ல எது நடக்கணும்?

எங்கள் கருத்தில் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். பெரும்பாலான திட்டங்களில் பாதுகாப்பு ஏற்பாடுகள் எல்லாம் காகிதத்தில் இருக்கும், வரிசை மட்டும் தலைகீழாக இருக்கும். முதல் நாளே இயந்திரம் ஏறிக் காட்டைச் சுத்தமாக வழித்துவிட்டு, மழை வந்து சேறு ஓடிய பிறகு வண்டல் குளம் தோண்டுவார்கள்.

சரியான வரிசை இது. முதலில் வெட்டக்கூடாத இடங்களை, ஓடைக்கரையையும் செங்குத்துச் சரிவையும், வேலியிட்டு அடையாளப்படுத்த வேண்டும். அடுத்து மேலிருந்து வரும் தெளிந்த நீரைத் தளத்துக்குள் நுழையவிடாமல் சுற்றுக் கால்வாய் வெட்டித் திருப்ப வேண்டும். காட்டு நீரும் சேற்று நீரும் கலந்துவிட்டால் எந்தக் குளமும் போதாது. பிறகு தளத்தின் தாழ்ந்த முனையில் வண்டல் குளம், வாசலில் லாரிச் சக்கரம் கழுவும் தொட்டி. இவை நின்ற பிறகே மரம் வெட்டலாம், அதுவும் பகுதி பகுதியாக. ஒரு பகுதியில் மண்வேலை முடிந்து புல் பிடித்த பின்பே அடுத்த பகுதி. 14 நாளுக்கு மேல் வேலை நடக்காமல் திறந்து கிடக்கும் மண்ணை மூட வேண்டும். நெகிழித் தாள் சில வாரங்களுக்குத்தான் தாங்கும், வெயிலில் கிழிந்துவிடும். புல்விதைத் தெளிப்போ புல்தரையோதான் நிலையான மூடல்.

காலமும் ஒரு பாதுகாப்பு. பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை கனக்கும். 2017 நவம்பர் 4–5 வெள்ளத்தில் 7 பேர் உயிரிழந்தது அந்த மாதங்களில்தான். பெரிய மண்வேலையை ஜனவரி, பிப்ரவரியில் தொடங்கி ஆகஸ்டுக்குள் மூடும்படி அட்டவணை போட முடியும். அனுமதி நிபந்தனையிலேயே இதை எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

சில்ட் டிராப் போட்டிருக்காங்க. ஆனாலும் ஆறு தே தாரிக் மாதிரி ஓடுதே, ஏன்?

அசையாத நீரில் 0.1 மிமீ மணல் ஒரு மீட்டர் ஆழம் இறங்க இரண்டு நிமிடம் போதும். 0.02 மிமீ வண்டல் இறங்க முக்கால் மணி நேரம். 0.002 மிமீ களித்துகள் இறங்க மூன்று நாள்வரை ஆகும். சில்ட் டிராப் எனும் வெறும் படிவுக் குளம் மணலைப் பிடிக்கும், களியைப் பிடிக்காது. நம் குன்றுமண்ணில் களி நிறைய. எனவே கலங்கலைக் குறைக்க உண்மையான வழி மண்ணைத் திறக்காமல் இருப்பதுதான். திறந்தே ஆக வேண்டுமென்றால் குளத்தில் திரட்டு மருந்து சேர்த்துத் துகள்களைக் கட்டியாக்க வேண்டும். மருந்தின் அளவை மண்ணைச் சோதித்து முடிவு செய்ய வேண்டும், கூடினால் மீனுக்குக் கேடு.

மற்றக் குறைகள் கண்ணுக்கே தெரியும். குளத்தின் நுழைவாயும் வெளிவாயும் அருகருகே இருந்தால் நீர் குறுக்கே ஓடிவிடும். நீளம் அகலத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு இருக்க வேண்டும். வண்டலுக்கென ஒதுக்கிய ஆழத்தில் பாதி நிரம்பியதும் அள்ள வேண்டும். அள்ளாத குளம் அடுத்த மழையில் பழைய சேற்றையும் சேர்த்துக் கக்கும். வண்டல் தடுப்புத் துணி என்றால் அடிப்பகுதி 15 செ.மீ. பள்ளத்தில் புதைந்திருக்க வேண்டும், இல்லையேல் தண்ணீர் அடியில் புகுந்து போகும். துணியை ஓடைக்குக் குறுக்கே கட்டுவது வீண், அது ஒரு மழைக்கு நிற்காது.

மதிப்பீட்டு நிபந்தனைகளில் வெளியேறும் நீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற வரம்பு வழக்கமாக இருக்கும். 12.5 மிமீ-க்கு மேல் மழை பெய்த ஒவ்வொரு முறையும் தளத்தைச் சுற்றிப் பார்த்துப் பதிய வேண்டும் என்பதும் நடைமுறை. அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

ஆத்தோரம் எவ்வளவு இடம் விடணும்?

வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டி ஆற்றின் அகலத்தை வைத்துச் சொல்கிறது. 5 மீட்டருக்குக் குறைவான ஓடைக்கு ஒவ்வொரு கரையிலும் 5 மீட்டர், 5–10 மீட்டர் அகலத்துக்கு 10, 10–20க்கு 20, 20–40க்கு 40, 40க்கு மேல் 50 மீட்டர். பள்ளத்தாக்குத் திட்டங்களில் தகராறு வருவது சின்ன ஓடைகளில்தான். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓடையை வரைபடத்தில் 'வடிகால்' என்று குறித்து, குழாயில் அடைத்து, மேலே மண் நிரப்பிவிடுவார்கள். 1993 டிசம்பர் 11-இல் 48 பேரைப் பலிகொண்ட ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி இடிவில் குன்றுக்கு மேலே குழாயில் திருப்பிவிடப்பட்ட ஓடையும் போதாத வடிகாலும் பெரும் பங்கு வகித்தன. ஓடைக்குப் பழைய வழி மறக்காது. அதைத் திறந்தபடியே விடுங்கள்.

தேக்கக் குளம் கட்டிட்டா வெள்ளப் பயம் இல்லைதானே?

மஸ்மா எனப்படும் மழைநீர் மேலாண்மைக் கையேட்டின் அடிப்படை விதி, மேம்பாட்டுக்குப் பின் வெளியேறும் உச்ச ஓட்டம் முன்பிருந்ததைத் தாண்டக் கூடாது என்பது. கையேடு 2000-இல் வந்தது, இரண்டாம் பதிப்பு 2012-இல். தேக்கக் குளம் அந்த விதியை நிறைவேற்றுகிறது. ஆனால் அது உச்சத்தைத்தான் வெட்டுகிறது, மொத்த நீரைக் குறைப்பதில்லை. 100 மிமீ மழை 10 ஹெக்டரில் 10,000 கனமீட்டர். காடு உறிஞ்சியிருக்கும் பங்கும் இப்போது மெதுவாக, நீண்ட நேரம் ஆற்றுக்கு வரும். அது ஓதம் ஏறும் நேரத்தோடு சேர்ந்தால் கீழ்நகருக்குப் பயனில்லை.

குளம் வேலை செய்யாமல் போகும் காரணங்கள் சாதாரணமானவை: வெளிவாய்க் கம்பியில் குப்பை அடைப்பு, அடியில் வண்டல், பிறகு அந்த இடத்தைப் பூந்தோட்டமாக நிரப்புவது. வீடுகள் ஒப்படைக்கப்பட்ட பின் குளம் யாருடையது, மாநகர் மன்றமா, கூட்டு நிர்வாகமா? இதை எழுத்தில் கேட்டுப் பெறாதவர்கள் பத்தாண்டு கழித்து முள்புதரைத்தான் பார்ப்பார்கள்.

தடுப்புச் சுவர் கட்டி, ஆணி அடிச்சு, சிமெண்டு பூசிட்டாங்க. இனி பயமில்லையா?

வடிவமைப்பில் பார்க்க வேண்டியது பாதுகாப்புக் காரணி, அதாவது சரிவைத் தாங்கும் விசை அதைச் சரியவைக்கும் விசையைப் போல் எத்தனை மடங்கு என்பது. சாதாரண வெட்டுச் சரிவுக்கு 1.3, இரும்புக் கம்பிகளை மண்ணுக்குள் செலுத்தி ஆணியடித்த சரிவுக்கும் தடுப்புச் சுவருக்கும் 1.5 என்பது நம் நாட்டு நடைமுறை. உயரமான சரிவை ஒவ்வொரு 6 மீட்டருக்கும் சுமார் 2 மீட்டர் அகலப் படி விட்டு வெட்ட வேண்டும், ஒவ்வொரு படியிலும் கால்வாய் வேண்டும். கடினமான சரிவுக்கு வடிவமைத்தவரே சரிபார்க்கக் கூடாது, தனிச் சரிபார்ப்புப் பொறியாளர் வேண்டும். தொழிலாளர் உயிர் போவது பெரும்பாலும் வேலை நடக்கும்போதே. 2017 அக்டோபர் 21-இல் தஞ்சோங் பூங்காவில் 11 பேரும், 2018 அக்டோபர் 19-இல் புக்கிட் குக்குஸில் 9 பேரும் கட்டுமான இடத்திலேயே புதைந்தார்கள். தற்காலிகச் சரிவுக்கும் முறையான வடிவமைப்பைக் கேட்பது அதனால்தான்.

சுவரை எதிர்த்து நிற்கும் பகை உள்ளே தேங்கும் நீர். கனமழைக்குப் பிறகும் நீர்த்துளைகள் காய்ந்தே இருந்தால் அடைத்துவிட்டன என்று சந்தேகியுங்கள். தெளிந்த நீர் வந்த துளையில் கலங்கல் வந்தால் உள்ளே மண் அரிக்கிறது. சரிவுக்கு மேலே வில்போல் வளைந்த வெடிப்பு, சாயும் வேலிக் கம்பம், உடைந்த படிக்கால்வாய், வயிறு தள்ளும் சுவர், இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் மழையன்று அங்கே நிற்காதீர்கள், மாநகர் மன்றத்துக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள்.

கழிவுநீர்?

ஒரு வீட்டுக்கு 5 பேர், ஒருவருக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் என்று கணக்கிடுவார்கள். 500 வீடு என்றால் நாளுக்கு ஏறத்தாழ 560 கனமீட்டர். குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே வெளியேற்றினால் 'ஏ' தரம், கீழே என்றால் 'பி' தரம். புதிய நிலையங்களுக்கு உயிர்வேதி ஆக்சிஜன் தேவையின் (நீரில் எவ்வளவு கரிமக் கழிவு மிச்சம் என்பதைக் காட்டும் அளவு) வரம்பு முறையே லிட்டருக்கு 20, 50 மில்லிகிராம். மழையில்லாத நாளில் சின்ன ஓடையில் ஓடுவதே இந்தக் கழிவுநீர்தான் என்றாகிவிடும், ஆகவே தரம் 'பி' ஆனாலும் 'ஏ' கேட்பது நியாயமே.

குரங்கெல்லாம் வீட்டுக்குள்ள வருது. திட்டத்துக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கா?

இருக்கிறது. மரக்கிளை வழியே நகரும் லோத்தோங் குரங்குக்குச் சாலை ஒன்றே வெட்டுக்கோடு. அது தரையில் இறங்கினால் வண்டியில் அடிபடும், அல்லது கூரையேறும். தெலுக் பகாங்கில் 2019-இல் பழைய தீயணைப்புக் குழாயால் சாலைக்கு மேலே பாலம் கட்டினார்கள். அதைவிட மலிவானது, இரு குன்றையும் இணைக்கும் மரவரிசை ஒன்றை ஓடைக்கரை ஒதுக்கோடு சேர்த்து வெட்டாமல் விடுவது.

கோவிலுக்குப் பின்னால சின்ன மண்டபம் கட்ட மண் வெட்டுறோம். அதுக்கும் இதெல்லாமா?

மதிப்பீட்டு அறிக்கை வேண்டியிராது. ஆனால் 1974 சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஏ பிரிவுப்படி மண்வேலைக்கு முன் மாநகர் மன்றத்திடம் வரைபடம் கொடுத்து அனுமதி பெற வேண்டும். குன்றடியில் மூன்று மீட்டர் வெட்டும் மேலே உள்ள வீட்டுக்கு ஆபத்தே. மற்றவர்கள் திட்டத்தைக் கேள்வி கேட்கும் நாம் நம் வெட்டுக்கும் பொறியாளரை வைத்துக்கொள்ள வேண்டும். வெட்டிய மண்ணை ஓடைப் பக்கம் கொட்டவே கூடாது.

ஆட்சேபம் சொல்ல எங்களுக்கு உரிமை உண்டா?

1976 நகர், கிராமத் திட்டச் சட்டத்தின் 21(6) பிரிவுப்படி, உள்ளூர்த் திட்டம் நடப்பில் இல்லாத இடத்தில் அண்டை நில உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். 21 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபித்தால் நேரில் விளக்கும் வாய்ப்பும் தர வேண்டும். ஒட்டிய நிலம் மட்டுமல்ல, 20 மீட்டருக்கு மிகாத சாலைக்கோ வடிகாலுக்கோ அப்பால் இருப்பதும் அண்டை நிலம்தான். அடுக்குமாடியில் அறிவிப்பு நிர்வாகக் கழகத்துக்குப் போகலாம், அங்கே மேசையில் கிடந்தால் நாள் ஓடிவிடும். ஆட்சேபித்தவர் முடிவு தெரிந்த ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். ஆட்சேபிக்காதவருக்கு அந்தக் கதவு திறக்காது. சுங்கை ஆரா குன்றுநில வழக்கு இப்படித்தான் வாரியத்தில் தொடங்கியது, 2023-இல் கூட்டரசு நீதிமன்றம் குடியிருப்பாளர் பக்கம் தீர்ப்பளித்தது.

'எங்களுக்கு வேண்டாம்' என்று எழுதினால் எடுபடாது. 'பக்கம் இத்தனையில் உள்ள வரைபடப்படி இந்தக் கட்டடம் 25–35 டிகிரி வகுப்பில் விழுகிறது' என்று எழுதுங்கள்.

ஒவ்வொரு திட்டமும் விதிப்படிதான்னு சொல்றாங்க. அப்புறம் ஏன் எங்க தாமான்ல வெள்ளம்?

விதி ஒவ்வொரு மனையையும் தனியாகப் பார்க்கிறது, தண்ணீர் அப்படிப் பார்ப்பதில்லை. ஐந்து தேக்கக் குளங்கள் தங்கள் உச்சத்தைத் தாமதப்படுத்தும்போது அந்தத் தாமதங்கள் ஒரே மணியில் ஆற்றில் சேரக்கூடும். பெரிய நிலத்தைப் பல கட்டங்களாகப் பிரித்து விண்ணப்பித்தால் எந்தக் கட்டமும் மதிப்பீட்டு வரம்பைத் தொடாமல் போகலாம். மழைக் கணக்குகளும் பழைய பதிவுகளை வைத்தவை. பருவநிலை மாற்றத்துக்கு நாட்டின் நீர் ஆய்வு நிறுவனமான நஹ்ரிம் தரும் கூடுதல் காரணியால் பெருக்கியிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். ஆகவே திட்டத்தின் கணக்கை மட்டும் கேட்காமல், பள்ளத்தாக்கு முழுவதற்குமான வெள்ள மாதிரியைக் கேளுங்கள். அதில் ஏற்கெனவே அனுமதி பெற்றுக் கட்டப்படாத திட்டங்களும் அடங்க வேண்டும்.

சேறு ஓடுறதைப் பார்த்தா என்ன ஆதாரம் எடுக்கணும்?

ஒரே நேரத்தில் இரண்டு படம்: தளத்தின் வெளிவாய்க்கு மேலே ஓடை எப்படி இருக்கிறது, கீழே எப்படி இருக்கிறது. மேலே தெளிவும் கீழே கலங்கலும் இருந்தால் வேறு விளக்கம் தேவையில்லை. தேதியும் நேரமும் இடமும் பதிவாக வேண்டும். வெள்ளத் தகவல் இணையதளத்தில் அருகிலுள்ள மழைமானியின் அன்றைய அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சுற்றுச்சூழல் துறை, வடிகால் நீர்ப்பாசனத் துறை, மாநகர் மன்றம் மூன்றுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் அடுத்தவர் பொறுப்பு என்று பதில் வரும். அடுத்த மழைக்கு அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் மறுபடி எடுங்கள்.